பேட்ச் நம்பர் இல்லாத மாத்திரையை எப்படித் திரும்பப் பெறுவது?



தரப் பரிசோதனையில் தோற்ற மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடுகிறது. 2024 ஆகஸ்ட் மாதப் பட்டியலில் ஐம்பதுக்கு மேற்பட்ட மருந்துகள் இருந்தன. பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸின் மெட்ரோனிடசோல் மாத்திரையும் அதில் அடக்கம். கிளாவம் 625 என்ற ஆன்டிபயாடிக்கின் பெயரில் வந்த ஒரு பேட்ச், போலி என்றே தெரியவந்தது. செய்தி இரண்டு நாள் ஓடியது. பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் அதைப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்த மாத்திரையை யாராவது சரிபார்த்திருப்பார்களா?

சரிபார்க்க வழியே இல்லை என்பதுதான் என் புகார். பட்டியல் ஆங்கிலத்தில், இணையதளத்தில் கிடக்கிறது. இங்கே மெடிக்கலில் நடப்பது வேறு. காலில் திருக்கை முள் குத்தி வந்தவருக்கு டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதித் தருகிறார். கையில் இருக்கும் காசுக்கு இரண்டு நாள் மாத்திரை கேட்கிறார் அவர். கடைக்காரர் அட்டையில் நாலைக் கத்தரித்து, காகிதக் கவரில் போட்டு, ‘காலை 1, இரவு 1’ என்று எழுதிக் கொடுக்கிறார். பேட்ச் நம்பர் அச்சிட்ட துண்டு கடையிலேயே தங்கிவிடுகிறது. பில்லும் கிடையாது. தீர்த்தமாட வந்து, காய்ச்சலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு அன்றிரவே ரயில் ஏறும் யாத்ரீகர்களின் நிலைமையும் இதுதான்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது 2025 அக்டோபரில் தெரியவந்தது. தமிழக அரசு விற்பனையை உடனே நிறுத்தியது; ஆலையின் உரிமத்தையும் ரத்து செய்தது. மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த குழந்தைகள் அதற்குள் செத்துக்கொண்டிருந்தார்கள். சாவு கண்ணுக்குத் தெரிந்ததால் வேகம் வந்தது. தரமில்லாத ஆன்டிபயாடிக்கின் கெடுதல் அப்படித் தெரியாது. மாத்திரை வயிற்றில் சரியாகக் கரையாவிட்டால் மருந்து ரத்தத்தில் போதிய அளவு சேராது. பலவீனமான கிருமி சாக, மிஞ்சுவது மருந்துக்கு அடங்காததாகப் பெருகும். புண் ஆறவில்லை என்றால் சர்க்கரை வியாதி மேல் பழியைப் போட்டுவிடுவோம்.

உயிருக்கு ஆபத்தான மருந்தை 72 மணி நேரத்துக்குள் திரும்பப் பெற வேண்டும், அடுத்த வகைக்கு 10 நாள் என்கிறது மத்திய அமைப்பின் வழிகாட்டு நெறி. ஐந்து நாளில் தின்று தீர்க்கும் மாத்திரையைப் பத்தாம் நாள் திரும்பப் பெற்று என்ன பயன்? கிட்டங்கியில் மிச்சமிருக்கும் பெட்டிகள் மட்டும் கம்பெனிக்குப் போய்ச் சேரும்.

அரசு மருத்துவமனை மருந்துகளை மருத்துவப் பணிகள் கழகம் பேட்ச் வாரியாகப் பரிசோதித்த பிறகே அனுப்புகிறது. அந்த ஏற்பாட்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் விடிந்தால் கடலுக்குப் போக வேண்டியவர், வரிசையில் நிற்க நேரமில்லாமல் மெடிக்கலுக்குத்தான் ஓடுகிறார்.

மாவட்ட ஆட்சியரும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் செய்யக்கூடியவை மூன்று உண்டு. ஒன்று, டாக்டர் சீட்டுக்கு விற்கும் மருந்தின் பேட்ச் நம்பரைப் பதிய வேண்டும் என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகள் சொல்வதை அமல்படுத்தி, அந்த எண்ணோடு பில் கொடுக்க வைக்க வேண்டும். நாலு மாத்திரை வாங்கினாலும். இரண்டு, வீரியமான ஆன்டிபயாடிக்குகளுக்கு நோயாளி பெயரை எழுதும் தனிப் பதிவேடு 2014 முதல் கட்டாயம். அதில் செல்போன் எண்ணையும் சேர்த்தால் கடைக்காரரே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். மூன்று, தடை செய்த மருந்தின் பெயரும் பேட்ச் நம்பரும் அன்றைக்கே தமிழில் ஒவ்வொரு மெடிக்கல் வாசலிலும், கடலுக்குப் போக மீன்வளத் துறை டோக்கன் கொடுக்கும் இடத்திலும் ஒட்டப்பட வேண்டும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் கரை முழுக்கச் செய்தி பரவ வைக்கிற நிர்வாகத்துக்கு இது பெரிய வேலை அல்ல.

ஒரு மருந்தைத் தடை செய்யும் உத்தரவு, அதை வாங்கித் தின்றவருக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்கான பொறுப்பு யாருடையது என்பதைத் துறை எழுத்து மூலம் அறிவிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தங்கச்சிமடம்.