தயவு வேண்டாம், பன்னிரண்டு அடி போதும்

டெல்லியில குடியேறின நம்மூர்க்காரங்க ரெண்டு பேர் சந்திச்சா பேச்சு கடைசியில ரெண்டு விஷயத்துல போய் நிக்கும். ஒண்ணு குளிர், இன்னொண்ணு பார்க்கிங். குளிர் ஹோலியோட போயிடும். பார்க்கிங் சண்டை வருஷம் பூரா உண்டு. கண்ணாடியை உடைக்கிறது, டயர்ல காத்தைப் பிடுங்கி விடறது, போலீசைக் கூப்பிடறது வரைக்கும் எல்லாத்தையும் பார்த்தாச்சு.

நான் இன்னிக்கு எழுத வந்தது அந்தச் சண்டையில கணக்குலயே வராத ஆளுங்களைப் பத்தி. நடக்க முடியாதவங்க, ஊன்றுகோல்ல நடக்கறவங்க, சக்கர நாற்காலியில போறவங்க. நானும் அதுல ஒருத்தன்கிறதால காரம் கொஞ்சம் தூக்கலாவே இருக்கும், பொறுத்துக்குங்க.

ஒன்றரை வயசுல எனக்குப் போலியோ. வலது கால்ல காலிப்பர், கையில ஊன்றுகோல். மயூர் விஹார் ஃபேஸ் ஒன்ல ஒரு சொசைட்டி ஃப்ளாட்ல பல வருஷமா இருக்கேன். ஆபீசுக்கு மெட்ரோ, மத்ததுக்கெல்லாம் ஸ்கூட்டர். நம்மூர்ல அரசாங்கம் மாற்றுத்திறனாளிகளுக்கு இணைப்புச் சக்கரம் வெச்ச ஸ்கூட்டர் கொடுக்குது இல்லையா, அதே மாதிரி வண்டிதான். நான் கைக்காசு போட்டு மாட்டினது.

அந்த வண்டியைப் பத்தி ஓட்டாதவங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்றேன். பெரும்பாலான வண்டிங்களுக்கு ரிவர்ஸ் கிடையாது. சாதா ஸ்கூட்டரைக் காலால உந்திப் பின்னாடி தள்ளிடலாம், எனக்கு உந்தக் கால் இல்லை. ஒரு சந்துக்குள்ள நேரா ஓட்டிட்டுப் போயிட்டேன்னா யாராவது வந்து பின்னாடி இழுத்து விட்டாத்தான் வெளியே வர முடியும். காரா இருந்தா வேற பிரச்சினை. சக்கர நாற்காலியில இருந்து சீட்டுக்கு மாறணும்னா கதவு முழுசாத் திறக்கணும், பக்கத்துல நாற்காலி நிக்கவும் இடம் வேணும். அதனாலதான் 2005 நேஷனல் பில்டிங் கோடுலயே தெளிவா எழுதி வெச்சாங்க: கட்டட வாசல்ல இருந்து 30 மீட்டருக்குள்ள ரெண்டு கார் இடம், ஒவ்வொண்ணும் குறைஞ்சது 3.6 மீட்டர் அகலம். நம்ம கணக்குல கிட்டத்தட்ட பன்னிரண்டு அடி. ஆடம்பரத்துக்குக் கேக்கற அளவு இல்லை, கதவும் நாற்காலியும் சேர்ந்தா வர்ற அளவு.

எங்க சொசைட்டியில நான் கேட்டது அதைத்தான். லிஃப்டுக்குப் பக்கத்துல ஒரு இடம். கிடைச்சது என்ன தெரியுமா? குலுக்கல்ல பின்பக்க மதில் ஓரம், ஜெனரேட்டருக்கு அந்தாண்டை. ஊன்றுகோலோட நூத்தி நாப்பது எட்டு. ஜனவரி பனியில, மே மாச வெயில்ல, கையில காய்கறிப் பையோட. லிஃப்ட் வாசல்ல யார் வண்டி நிக்குதுன்னு கேக்காதீங்க. வாரத்துக்கு ஒரு தடவை வெளியே எடுக்கற பெரிய வண்டிங்க, மேல கவர் போட்டுத் தூசி படிஞ்சு நிக்குது.

கமிட்டி சொன்ன பதில் ரொம்பப் பிரபலமான பதில். "ஸப்கே லியே ஏக் ஹி ரூல் ஹை ஜி." எல்லாருக்கும் ஒரே சட்டம். கேக்க எவ்வளவு நியாயமா இருக்கு பாருங்க! ஊர்ல எல்லாருக்கும் எட்டாம் நம்பர் செருப்பைக் கொடுத்துட்டு, சமமாத்தானே கொடுத்தோம்னு சொல்ற மாதிரி. குலுக்கல்ல பின்பக்கம் விழுந்தா உங்களுக்கு ரெண்டு நிமிஷ நடை, எனக்கு அன்னைக்கு வெளியே போறதா வேண்டாமான்னு முடிவு பண்ற விஷயம். விளைவு ஒண்ணா இல்லாத இடத்துல விதி மட்டும் ஒண்ணா இருந்தா அதுக்குப் பேர் சமம் இல்லை, சோம்பேறித்தனம்.

இதே வாதத்தை நியூயார்க்ல ஒரு சொசைட்டி பேசிப் பார்த்திருக்கு. புரூக்ளின்ல கேட்மன் டவர்ஸ், 423 வீடு, நம்ம குரூப் ஹவுசிங் மாதிரியே கூட்டுறவு. வீடுகளை விடப் பார்க்கிங் ரொம்பக் குறைவு, காத்திருக்கறவங்க பட்டியல் வருஷக் கணக்குல நீளும். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்ங்கிற நரம்பு நோய் இருந்த ஒரு பெண்மணி தனக்கு இடம் வேணும்னு கேட்டாங்க. வரிசைப்படி வாங்கன்னு சொன்னாங்க. கேஸ் போச்சு. உடனே இடம் கொடுக்கச் சொல்லிக் கீழ்க்கோர்ட் போட்ட இடைக்கால உத்தரவை 1995ல ஃபெடரல் அப்பீல் கோர்ட் உறுதி செஞ்சது. அவங்க வீட்டுவசதிச் சட்டத்துல 1988லயே திருத்தம் வந்தாச்சு: ஊனமுள்ளவர் தன் வீட்டை மத்தவங்க மாதிரி பயன்படுத்த ஒரு விதி தடையா இருந்தா, நியாயமான அளவுக்கு அந்த விதி வளையணும். வரிசை நல்ல விஷயம்தான். ஆனா அந்த வரிசையில நின்னா ஒருத்தர் தன் வீட்டுக்கே போய்ச் சேர முடியாதுன்னா, வரிசைதான் நகரணும்.

"அது அமெரிக்கா, இங்க எல்லாம் நடக்குமா"ன்னு கேப்பீங்க. இங்கயும் சட்டம் இருக்குங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அமலுக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. அதுல தனியார் நிறுவனம்னா என்னன்னு விளக்கம் கொடுத்திருக்காங்க: கம்பெனி, ஃபர்ம், கூட்டுறவு சொசைட்டி, சங்கம்னு பேர் சொல்லி. ஆக, "நாங்க வெறும் குடியிருப்பு"ன்னு நழுவ முடியாது. நியாயமான வசதியை மறுக்கறதே பாகுபாடுதான்னு அதே சட்டத்துல இருக்கு. அந்த வசதிங்கறது யாரோ போடற பிச்சை இல்லை, சமத்துவத்தோட ஒரு பகுதிங்கற பார்வையை 2021 பிப்ரவரியில விகாஷ் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் விரிவாவே சொல்லியிருக்கு.

ஓட்டை எங்க இருக்குன்னும் சொல்லிடறேன், ஏன்னா கமிட்டி அங்கதான் ஒளிஞ்சுக்கும். பழைய கட்டடங்களை அஞ்சு வருஷத்துல மாத்தணும்னு சொல்ற 45ஆம் பிரிவு "பொதுக் கட்டடம்" பத்தித்தான் பேசுது, அதாவது பொதுமக்கள் வந்து போற இடங்கள். ஒரு சொசைட்டியோட காம்பவுண்ட் அதுல வருமான்னு வக்கீலுங்க வாதாடிக்கிட்டே இருக்கலாம். அளவு, அகலம் சொல்ற வழிகாட்டுதல்களும் வெறும் பரிந்துரையாவே இருந்தது. 2024 நவம்பர் 8ல ராஜீவ் ரதூரி வழக்குல சுப்ரீம் கோர்ட் இதைத்தான் பிடிச்சது: சட்டம் கட்டாயம்னு சொல்ற இடத்துல விதி 15 "முடிஞ்சா செய்யுங்க"ன்னு சொல்றது செல்லாது, மூணு மாசத்துல கட்டாய விதிகளைக் கொண்டு வாங்கன்னு உத்தரவு போட்டுது. "முடிஞ்சா செய்யறோம்"ங்கறது சட்டத்தோட மொழி இல்லைன்னு நாட்டோட உச்ச நீதிமன்றமே சொன்னப்புறமும், எங்க கமிட்டிக்கு அதுதான் தேசிய கீதம்.

அடுத்த வாதம்: "நாங்க காசு கொடுத்து வாங்கின இடம்." வாங்கினது வீடு சார், தரை இல்லை. 2010ல நஹல்சந்த் வழக்குல, ஸ்டில்ட் பார்க்கிங்கையும் திறந்தவெளி பார்க்கிங்கையும் தனிச்சொத்தா விக்க பில்டருக்கு உரிமை இல்லை, அது பொதுப்பகுதின்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. அது மகாராஷ்டிரச் சட்டத்தை வெச்சு வந்த தீர்ப்புதான். ஆனா கூட்டுறவு சொசைட்டியில இந்த நியாயம் இன்னும் எளிசு. காம்பவுண்ட் எல்லாருக்கும் பொது, சொசைட்டி ஒதுக்கினது, ஒதுக்கினதை மாத்தி ஒதுக்கலாம்.

"கிரவுண்ட் ஃப்ளோர்ல வீடு வாங்கிக்க வேண்டியதுதானே?" கிரவுண்ட் ஃப்ளோர்ல இருந்தாலும் வண்டியில இருந்து வாசப்படி வரைக்கும் பறந்தா வர முடியும்?

"நாங்கதான் ஹெல்ப் பண்றோமே, கார்டு வந்து தள்ளி விடறானே." இதுக்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும். டெல்லியில டபுள் பார்க்கிங்னு ஒரு கலாசாரம் இருக்கு. குறுக்கே காரை நிறுத்திட்டு, ஹேண்ட் பிரேக் போடாம நியூட்ரல்ல விட்டுட்டுப் போயிடுவாங்க, அவசரம்னா தள்ளிக்கோன்னு. ஒத்தைக் கால்ல நின்னு நான் ஆயிரம் கிலோ காரைத் தள்ளணும்! கார்டு டீ குடிக்கப் போயிருந்தா அவர் வர்ற வரைக்கும் நிக்கணும். ராத்திரி பதினோரு மணிக்கு குழந்தைக்கு ஜுரம்னாலும் நிக்கணும். உதவிங்கறது கொடுக்கறவர் இஷ்டம், இடம்ங்கறது என் கையில இருக்கற சாவி. ரெண்டும் ஒண்ணு இல்லை.

இத்தனைக்கும் வெளி உலகம் கொஞ்சமாவது மாறியிருக்கு. மயூர் விஹார்-1 மெட்ரோ 2009 நவம்பர்ல திறந்தது. லிஃப்ட் இருக்கு, சாய்தளம் இருக்கு, கண் தெரியாதவங்களுக்குத் தரையில தடம் இருக்கு. ராஜீவ் சௌக் வரைக்கும் யார் கையையும் பிடிக்காம போயிட்டு வர்றேன். என் சொந்த வீட்டு கேட்டுக்குள்ள நுழைஞ்சதும்தான் என் ஊனம் ஆரம்பிக்குது.

இப்ப நம்ம ஆளுங்க கிட்ட வர்றேன். மயூர் விஹார், பட்பர்கஞ்ச் பக்கம் பல சொசைட்டி கமிட்டியில தமிழர் ஒருத்தராவது இருப்பார், பெரும்பாலும் கணக்கு பாக்கற ட்ரெஷரரா. நேர்மையானவர், பைசா சுத்தம். ஆனா பார்க்கிங் பேச்சு வந்தா வாயே திறக்க மாட்டார். "நமக்கு எதுக்கு சார் வம்பு, வந்த இடத்துல." ஷரீஃப் ஆத்மின்னு வடக்கத்திக்காரங்க கொடுத்த பட்டத்தைக் காப்பாத்திக்கறதுலயே ஆயுசு போயிடுது. நல்லவர்னு பேர் வாங்கறதுக்கும் நல்லது செய்யறதுக்கும் நடுவுல தூரம் ஜாஸ்தி சார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எண்பதுகள்லயும் தொண்ணூறுகள்லயும் பி.எஃப். கடன் போட்டு இந்த ஃப்ளாட்டுகளை வாங்கின அங்கிள்களுக்கும் மாமிகளுக்கும் இன்னிக்கு எழுபதுக்கு மேல. அப்ப வந்தது பஜாஜ் ஸ்கூட்டரோட, ஸ்கூட்டரை மனசுல வெச்சுத்தான் காம்பவுண்டே போட்டாங்க. இப்ப வீட்டுக்கு ரெண்டு கார். மூட்டு மாத்தினவங்க, பக்கவாதம் வந்தவங்க, டயாலிசிஸ் போயிட்டு வர்றவங்க எல்லா பிளாக்லயும் இருக்காங்க. பசங்க பெங்களூர்லயும் அமெரிக்காவுலயும். அப்பா அம்மாவை ஊர்ல இருந்து கூட்டிட்டு வந்து வெச்சுக்கணும்னு இன்னும் எத்தனையோ பேர் நினைக்கறோம். எனக்கு முப்பது வருஷம் முன்னாடியே வந்தது உங்களுக்குக் கொஞ்சம் லேட்டா வருது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால நான் கேக்கறது என்னன்னா, கோர்ட்டும் கவர்மெண்டும் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஒரு ஜெனரல் பாடி மீட்டிங் போதும். ஒவ்வொரு பிளாக்லயும் லிஃப்ட் பக்கத்துல ரெண்டு இடத்தைக் குலுக்கல்ல இருந்து நிரந்தரமா எடுத்துடுங்க. அகலம் 3.6 மீட்டர், முன்னாடி யாரும் குறுக்கே நிறுத்தக் கூடாது. முதல்ல விருந்தாளி பார்க்கிங்ல இருந்து எடுங்க, யாரையும் கிளப்ப வேண்டாம். வாடகைக்கு இருக்கறவங்களுக்கும் அது உண்டு, ஏன்னா ஊனம் பத்திரத்துல பதிவாகறது இல்லை. தேவை தீர்ந்தா இடம் திரும்பப் பொதுவுக்கு வரட்டும். போலி சர்டிபிகேட் வரும்னு பயமா? யுடிஐடி அட்டைன்னு மத்திய அரசு அடையாள அட்டை இருக்கு, காட்டச் சொல்லுங்க. கால் உடைஞ்சு மூணு மாசம் கட்டுப் போட்டவருக்கு டாக்டர் கடிதம் போதும்.

கமிட்டி முடியாதுன்னா எழுத்துல வாங்குங்க. அந்தக் காகிதத்தோட டெல்லி மாற்றுத்திறனாளிகள் ஆணையர் கிட்ட மனு கொடுங்க. அவர் சொல்றது பரிந்துரைதான், ஆனா அதை ஏத்துக்கலைன்னா மூணு மாசத்துக்குள்ள காரணம் சொல்லியாகணும்னு சட்டத்துல இருக்கு. "ஒரே ரூல் ஜி"ங்கறதை ஒரு தடவை எழுத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லிப் பாருங்க. பேனா எடுக்கவே யோசிப்பாங்க.

அடுத்த மீட்டிங்ல நான் இந்தத் தீர்மானத்தைக் கொண்டு வரப் போறேன். உங்க சொசைட்டியில நீங்க கொண்டு வாங்க. பேச வேண்டாம், கை தூக்கினாக்கூடப் போதும். ட்ரெஷரர் சார், முக்கியமா நீங்க.