மீனைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதுமா?

"சார், கடல் நம்ம ஊரிலேயே இருக்கு. அப்புறம் எதுக்குக் காசு கொடுத்து உப்பு வாங்கணும்?"

படிவம் மூன்று மாணவன் ஒருவன் என்னிடம் இப்படிக் கேட்டான். வீடு புக்கிட் ரோத்தான் பக்கம். கைப்பேசியில் பவளப்பாறைத் தொட்டிகளின் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, தானும் ஒன்று வைக்க வேண்டும் என்று ஆசை. மாணவர்களே, உங்களில் பலருக்கும் இந்த ஆசை இருக்கும். எனக்கும் இருந்தது.

அவன் கேள்விக்குப் பதில் எளிது. பாசிர் பெனாம்பாங் படகுத்துறையில் நின்று பாருங்கள், தண்ணீர் தே தாரிக் நிறத்தில் இருக்கும். சிலாங்கூர் ஆறு கொண்டுவரும் வண்டல் அது. நல்ல மழை பெய்தால் உப்பு குறையும், கடல் ஏறினால் கூடும். பவளத்துக்கோ ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்ற அளவு மாறாமல் இருக்க வேண்டும். வெளிச்சமும் உள்ளே இறங்க வேண்டும். அதனால்தான் பவளம் பார்க்க நாம் ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் என்று போகிறோம். ஆகவே உப்பை வாங்கித்தான் கலக்க வேண்டும்.

அடுத்து அவன் கேட்டதுதான் சிக்கலான கேள்வி. "200 லிட்டர் தொட்டியில் எத்தனை மீன் விடலாம், சார்?"

சில ஆண்டுகளுக்கு முன் நான் அதே அளவுத் தொட்டியில் பதினொரு மீன்கள் வைத்திருந்தேன். கடைக்காரர் "தாங்கும்" என்றார், நானும் நம்பினேன். தண்ணீர் கண்ணாடி போல் இருந்தது. வாரந்தோறும் பத்து விழுக்காட்டுத் தண்ணீரைத் தவறாமல் மாற்றினேன். இருந்தும் பவளங்கள் ஒவ்வொன்றாகப் பழுப்பேறின, பாறையில் பாசி படர்ந்தது. சோதித்தால் நைட்ரேட்டு நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டது. அறிவியல் ஆசிரியரான நான் போட்டுப் பார்க்காத ஒரு கணக்கு இருந்தது. அதை இப்போது நீங்கள் போடுங்கள். பென்சில் இருந்தால் போதும்.

ஒரு நாளைக்கு 1 கிராம் உலர் தீனி போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 50 கிராம் எடையுள்ள மீன்களுக்கு அது சாதாரண அளவுதான். தீனியில் 45 விழுக்காடு புரதம், புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன். பெருக்கினால் 0.072 கிராம் நைட்ரஜன். அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் சுமார் 0.32 கிராம். 200 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 1.6 மில்லிகிராம். ஒரு வாரத்துக்கு ஏறக்குறைய 11.

இப்போது வாரம் பத்து விழுக்காடு தண்ணீரை மாற்றுங்கள். தொட்டியில் 11 இருந்தால் வெளியே போவது 1.1தான், உள்ளே மறுபடி 11 வருகிறது. 20 ஆகும், 30 ஆகும், ஏறிக்கொண்டே போகும். எங்கே நிற்கும்? வெளியேறும் பத்து விழுக்காடு, உள்ளே வரும் 11க்குச் சமமாகும் இடத்தில். அதாவது 110இல்! வாரம் 25 விழுக்காடு மாற்றினால் 44. பாதித் தொட்டியையே மாற்றினாலும் 22. பவளத் தொட்டி வைப்பவர்கள் பலரும் 10க்குக் கீழே வைக்கத்தான் முயல்கிறார்கள்.

உண்மையில் மீன் கொஞ்சம் நைட்ரஜனைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும், பாறையும் கொஞ்சம் நீக்கும். அதனால் எண்கள் இதைவிடக் குறையலாம். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. வரவைக் குறைக்காமல் செலவை மட்டும் கூட்டிக்கொண்டிருந்தால் வாளி தூக்கியே தோள் வலிக்கும். என் கருத்து இதுதான்: நெரிசலான தொட்டிக்கு முதல் மருந்து மீனைக் குறைப்பது. புதிய இயந்திரம், புட்டியில் வரும் மருந்து எல்லாம் அதற்குப் பிறகு.

நைட்ரேட்டாவது மெதுவாகக் கெடுக்கும். அம்மோனியா அப்படியல்ல. மீனின் செவுளிலிருந்து வருவது அம்மோனியா. அதை ஒரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், வேறு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் கண்டறிந்து சொன்ன வேலை இது. உங்கள் பாடநூலில் நைட்ரஜன் சுழற்சிப் படத்தில் ஓர் அம்புக்குறியாக இருக்கும். இந்த நுண்ணுயிர்கள் மெல்லப் பெருகுபவை. புதுத் தொட்டியில் அவை போதிய அளவு சேர வாரக்கணக்கில் ஆகும். ஒரே நாளில் எட்டு மீன்களை வாங்கிவந்து விட்டால், எட்டுப் பேர் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவ ஆளே இல்லாத வீடாகிவிடும். கடல்நீரின் பி.எச். அளவு 8.2க்கு அருகில் இருப்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு. அம்மோனியாவின் நச்சு வடிவம், பி.எச். 7 உள்ள நன்னீரைவிட இங்கே பத்து மடங்குக்கு மேல் அதிகம். கப்பி மீன் தாங்கிய தவற்றைக் கடல்மீன் தாங்காது.

நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு இடமும் காலமும் தேவை என்று பார்க்க நீங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டாம். பெஸ்தாரி ஜெயா பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளங்கள் தெரியும். வாடையைச் சொல்கிறேன், நினைவு வருகிறதா? ஆலையிலிருந்து வரும் கழிவுநீரைச் சுத்தமாக்க, நுண்ணுயிர்களுக்கு லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படும். ஆற்றில் விடுவதற்குமுன் அதை 100க்கு இறக்க வேண்டும் என்பது விதி. சில இடங்களில் அதைவிடக் கடுமை. அதற்காகத்தான் வரிசையாக அத்தனை குளங்கள், வாரக்கணக்கில் காத்திருப்பு. நாமோ காலணிப் பெட்டி அளவு வடிகட்டியை மாட்டிவிட்டு, பதினொரு மீன்களின் கழிவையும் அது பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம்.

நைட்ரேட்டை முடிவாக வெளியேற்றும் வேலையும் நம்மூரில் நடக்கிறது. கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் சதுப்புக் காட்டில் காலை வைத்தால் கறுப்புச் சேறு, அழுகிய முட்டை வாடை. அங்கே ஆக்சிஜன் இல்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் சில நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை நைட்ரஜன் வாயுவாகக் காற்றில் விட்டுவிடுகின்றன. பவளத் தொட்டியில் வைக்கும் உயிர்ப்பாறையின் ஆழமான துளைகளிலும் இதே வேலை நடக்கிறது. 1960களின் தொடக்கத்திலேயே ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் உயிர்ப்பாறையும் காற்றுக்குமிழியும் மட்டும் வைத்துப் பவளங்களை வளர்த்துக் காட்டினார். நம் பக்கத்து நாட்டுக்காரர். நம் பிள்ளைகள் அவர் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு ஒரு குறைதான்.

என் நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் தொட்டியில் மீன்கள் அடைந்து கிடக்கின்றன, பவளங்களும் செழிப்பாகவே இருக்கின்றன. கழிவை நுரையாக்கி வெளியே தள்ளும் பெரிய ஸ்கிம்மர் வைத்திருக்கிறார். நுண்ணுயிர்களுக்கு உணவாகத் தினமும் அளந்து வினிகர் விடுகிறார்; அவை பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சிக்கொள்கின்றன, பெருகியவற்றை ஸ்கிம்மர் வெளியேற்றுகிறது. முறை சரியானதே, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் வீட்டில் மின்சாரம் போனால் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிடும். 27 பாகை வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். கடல்நீர் பிடிப்பதோ சுமார் 6.5தான். அதை மீன்களும் பவளமும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் பங்கு போட வேண்டும்.

என் தொட்டி அப்படித்தான் போனது. இடிமழை பெய்த ஓர் இரவு. தூங்கிவிட்டேன், மின்சாரம் போனது தெரியாது. விடியலில் ஏழு மீன்கள் மிதந்தன. மீதி நான்கும் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. காசு போனது ஒரு பக்கம். அந்த மீன்களில் பெரும்பாலானவை யாரோ கடலில் முங்கிப் பிடித்தவை. இன்றைக்கும் கடையில் விற்கும் கடல்மீன்களில் பெரும்பகுதி அப்படித்தான் வருகிறது. கோமாளி மீன் போன்ற சிலவற்றைத்தான் பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்க்கிறார்கள். வாங்குவதென்றால் அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது என் தொட்டியில் நான்கே மீன்கள். தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள். வாரம் ஒரு முறை அம்மோனியா, நைட்ரேட்டு, காரத்தன்மை மூன்றையும் சோதித்துக் குறித்துவைக்கிறேன். தொட்டிக்கடியில் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று தயாராக இருக்கிறது. விலை இரண்டு மீன்களுக்குக்கூட ஆகாது. நைட்ரேட்டு 5க்கும் 10க்கும் இடையில் நிற்கிறது. அதைச் சுழியத்துக்கு இறக்க நான் முயல்வதில்லை, பவளத்துக்கும் கொஞ்சம் வேண்டும்.

புக்கிட் ரோத்தான் மாணவனிடம் எத்தனை மீன் என்று நான் சொல்லவில்லை. மேலே உள்ள கணக்கைக் கொடுத்து, வீட்டில் போட்டுவரச் சொன்னேன். மறுவாரம் வந்தான். வாரம் 25 விழுக்காடு, நாளுக்கு கால் கிராம் தீனி, விடை 11 என்று எழுதியிருந்தான். "அப்படின்னா ரெண்டு மூணு சின்ன மீன்தான், சார்" என்றான், முகம் கொஞ்சம் வாடி. தொட்டி இன்னும் வாங்கவில்லை. அப்பாவிடம் முதலில் சோதனைப் பெட்டி மட்டும் கேட்டிருக்கிறானாம். வந்ததும் வீட்டுக்குப் பின்னால் ஓடும் தோட்டத்துக் கால்வாய்த் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கப் போகிறான்.