பிளாஸ்டிக் என்றால் தேயுங்கள், கண்ணாடி என்றால் விடுங்கள்

வாட்ச் கண்ணாடியில் கீறல் விழுந்தால் பற்பசை வைத்துத் தேய்த்தால் போதும் என்று சொல்ல நம்மூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. தேய்த்துப் பார்த்துவிட்டு, அதெல்லாம் சும்மா என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. அவர்கள் தேய்த்த பொருள்தான் வேறு. வாட்ச் முகப்பில் அக்ரிலிக் பிளாஸ்டிக், மினரல் கிளாஸ், சஃபையர் என்று மூன்று வகை வருகிறது. அக்ரிலிக்கை மட்டும் வீட்டிலேயே தேய்க்கலாம். மற்ற இரண்டில் கை வைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

காரணம் கடினத்தன்மை. அதை அளக்கும் மோஸ் அளவுகோலில் அக்ரிலிக் 3-ஐ ஒட்டி நிற்கிறது, மினரல் கிளாஸ் 5-க்கும் 6-க்கும் இடையில், சஃபையர் 9. திருச்செங்கோட்டு ரிக் வண்டி பாறையைத் துளைக்கும்போதும், கல்குவாரியில் ஜல்லி உடையும்போதும் பறக்கும் புழுதியில் குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. அதன் கடினத்தன்மை 7. தூசி படிந்த முகப்பைச் சட்டை நுனியால் துடைத்தாலே முதல் இரண்டு வகைகளிலும் கோடு விழுவது அதனால்தான். சஃபையர் கிளாஸ் என்பது ஆலையில் வளர்த்தெடுத்த குருந்தம். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறைகளில் இயற்கையாகவே கிடைக்கும் அதே கனிமம். வைரத்தூள் பசை இல்லாமல் அதை மெருகேற்ற முடியாது. கண் கூசாமலிருக்க மேலே பூச்சு இருந்தால், தேய்க்கத் தேய்க்க அதுதான் முதலில் போகும்.

அக்ரிலிக் கதை வேறு. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கிய எச்.எம்.டி.யின் ‘ஜனதா’ போன்ற சாவி வாட்சுகளில் இருப்பது இதுதான். விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு, மெல்லிய பருத்தித் துணியில் துளி பற்பசையோ பிராசோ பாலிஷோ தொட்டு, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தால் மேலோட்டமான கீறல் மறையும். நகம் மாட்டும் அளவுக்கு ஆழமாக இருந்தால், முதலில் மிக நைசான உப்புத்தாள் தேவைப்படும். குழாயடியில் காட்டக் கூடாது, பழைய வாட்சுக்குள் தண்ணீர் இறங்கிவிடும். ஸ்பிரிட்டால் துடைத்தால் அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகள் ஓடும்.

தேய்த்தால் முகப்பு மெலியாதா என்று கேட்கலாம். மெலியும். சுற்றியுள்ள பரப்பைக் கீறலின் அடிமட்டம் வரை இறக்குவதுதான் மெருகு. எப்போதாவது ஒருமுறை செய்வதால் கெடுதல் இல்லை. ஆனால் விரிசல் விட்டிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். மினரல் கிளாஸையும் சீரியம் ஆக்சைடு பசையால் தேய்க்கலாமே என்பார்கள். தேய்க்கலாம், மணிக்கணக்கில். ஓரிடத்தில் அதிகம் தேய்ந்தால் பரப்பு பள்ளமாகி எண்கள் நெளிந்து தெரியும். புதுக் கண்ணாடி போடுவது அதைவிட மலிவு. வீட்டிலேயே தேய்த்துக்கொள்வது வாட்ச் ரிப்பேர் செய்பவரின் பிழைப்பைக் கெடுப்பதாகாதா என்பது நியாயமான கேள்வி. அவருடைய கைத்திறன் உள்ளே இருக்கும் பல்சக்கரங்களிலும் ஸ்பிரிங்கிலும்தான் இருக்கிறது. முகப்பு மங்கியதால் பீரோவில் முடங்கிய வாட்ச் மறுபடி கைக்கு ஏறினால், சர்வீஸுக்கு அது அவரிடம்தான் போகும். எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்துவிட்ட நிலையில், இருக்கும் அசல் முகப்பைக் காப்பாற்றுவதே புத்திசாலித்தனம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பெரிய செலவில்லை. விற்கிற கடைக்காரர் பில்லில் முகப்பு எந்த வகை என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும். கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.