உத்தியோகமும் உலக யாத்திரையும்

நாற்பது வயதில் நல்ல உத்தியோகத்தை ராஜினாமா செய்துவிட்டு உலகத்தைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுகிறவர்களைப் பற்றிய பேச்சு இன்று பெரிய பட்டணங்களோடு நிற்கவில்லை. கரூருக்கும் காங்கயத்துக்கும் இடையே திருச்சி-கோவை ரஸ்தாவிலுள்ள வெள்ளகோவில் போன்ற ஊர்களின் திண்ணைகளுக்கும் அது வந்துவிட்டது. கை நிறையச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இதென்ன புத்தி என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இது அவரவர் சொந்த விஷயமென்று தள்ளிவிடத்தக்கதன்று. தேசத்தில் மனிதனிடம் எவ்வளவு வேலை வாங்கப்படுகிறதென்பதைக் காட்டும் அடையாளமாகவே இதை நாம் கருதுகிறோம்.

பெரியவர்களின் வருத்தத்தை நாம் இகழவில்லை. வெள்ளகோவில் வறண்ட சீமை. கிணற்றையும் கால்நடையையும் நம்பி வாழ்ந்து, பின்னர் எண்ணெய் ஆலையிலும் நூல் மில்லிலும் விசைத்தறியிலும் உழைத்துப் பிள்ளைகளைக் கலாசாலைக்கு அனுப்பிய தலைமுறை அது. மகனுடைய உத்தியோகம் அவர்களுக்கு மழை பொய்த்தாலும் பொய்க்காத வரும்படி. அதை அவன் உதறும்போது அவர்கள் மனம் பதறுவது இயற்கையே.

ஆனால், அந்த உத்தியோகத்தின் லட்சணத்தையும் பார்க்க வேண்டாமா? 2023 அக்டோபரில் ஸ்ரீ நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டுமென்றார். 2025 ஜனவரியில் வெளியான ஒரு பேச்சில் மற்றொரு பெரிய கம்பெனியின் தலைவர் அதை 90 மணியாக உயர்த்தி, ஞாயிற்றுக்கிழமையையும் கேட்டார். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் விதித்த வரம்போ வாரத்துக்கு 48 மணி. நமது சட்டசபையிலேயே 2023 ஏப்ரல் 21-ல், 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் கிளர்ந்தெழுந்த பிறகே, மே 1-ல் அது வாபஸ் பெறப்படுவதாக முதன் மந்திரி அறிவித்தார். இத்தகைய காலத்தில் இருபது வருஷம் உழைத்தவன் ஒரு நாள் எழுந்து போனால், அதைச் சோம்பல் என்பது அநியாயம். வேண்டிய ரஜா கிடைத்திருந்தால் அவர்களில் பலர் ராஜினாமாவை எழுதியிருக்கமாட்டார்கள்.

யாத்திரை வீண் என்ற அபிப்பிராயத்தையும் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. ரங்கூனில் "தனவணிகன்" பத்திரிகையின் ஆசிரியராயிருந்த ஏ. கே. செட்டியார், அந்த ஸ்தானத்தை விட்டுப் புகைப்படக் கலை பயில ஜப்பானுக்கும், பின்னர் அமெரிக்காவுக்கும் சென்றார். 1937-ல் கப்பலில் பிரயாணம் செய்கையில், மகாத்மா காந்தியின் வாழ்க்கையைப் படமாக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. அதற்காகச் சுமார் ஒரு லட்சம் மைல் சுற்றி, பல தேசங்களில் சிதறிக் கிடந்த காட்சிகளைத் திரட்டினார். படம் 1940-ல் வெளிவந்தபோது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. அவர் நாற்காலியிலேயே அமர்ந்திருந்தால், இழந்திருப்பது அவரல்ல, தேசமே.

ஆயினும், உலகத்தைப் பார்க்கும் பாக்கியம் வேலையை விட்டெறியும் வசதியுள்ளவனுக்கு மட்டுமே கிட்டுவது நியாயமாகுமா? இந்நாட்டை ஆண்ட வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் "பர்லோ" என்னும் நீண்ட ரஜா பெற்றுக் கப்பலேறித் தங்கள் தேசம் சென்று, திரும்பி வந்து அதே பதவியில் அமர்ந்தார்கள். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா, தென் ஆஸ்திரேலியா ஆகிய காலனிகளும் 1860-களில் தங்கள் உத்தியோகஸ்தர்களுக்கு இச்சலுகையை அளித்தன. ஆனால் அங்கே அது அதிகாரிகளோடு நின்றுவிடவில்லை. 1951-ல் நியூ சவுத் வேல்ஸ் ராஜ்யம் அதைச் சாதாரணத் தொழிலாளிகளுக்கும் உரிமையாக்கிற்று. இன்று அங்கே ஒரே எஜமானனிடம் பத்து வருஷம் வேலை செய்தவருக்கு இரண்டு மாதச் சம்பள ரஜா உண்டு.

இங்கே நிலைமை என்ன? மத்திய சர்க்கார் ஊழியர் வருஷத்துக்கு 30 நாள் சம்பள ரஜா சம்பாதிக்கிறார். இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் பிரயாணச் சலுகையும் பெறுகிறார். மில் தொழிலாளிக்கோ, 2025 நவம்பர் 21-ல் அமுலுக்கு வந்த புதிய சட்டத்திலும், 20 நாள் வேலைக்கு ஒரு நாள் ரஜா என்ற பழைய அளவுதான். ஒரு வருஷச் சேவைக்கு மூன்று வாரங்களுக்குக் குறையாத சம்பள ரஜா வேண்டுமென்னும் 1970-ம் வருஷத்துச் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தின் கடைமடையிலுள்ள வெள்ளகோவில் விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைமடையில் பாயும் தண்ணீர் கடைமடையை எட்டும்போது என்னவாகிறதென்பதை அவர்கள் அறிவார்கள். ஓய்வும் இந்நாட்டில் அவ்விதமே பாய்கிறது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஓரிடத்தில் பத்து வருஷம் உழைத்த எவருக்கும், ஆபீஸ் குமாஸ்தாவாயினும் நூல் மில் தொழிலாளியாயினும், ஆறு மாத நீண்ட ரஜாவும், திரும்பி வந்தால் அதே வேலையும் சட்டப்படி உரிமையாக வேண்டும். அதில் இரண்டு மாதத்துக்கேனும் சம்பளம் வேண்டும். இன்றேல் ஏழைக்கு அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயே. வேலை கெட்டுவிடும் என்று முதலாளிகள் கூறுவார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டபோதும் இதையே கூறினார்கள், ஆலைகள் மூடப்படவில்லை.

யாத்திரை புறப்படும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோருக்கும் மக்களுக்கும் வேண்டியதைச் செய்து வைத்துவிட்டுச் செல்லுங்கள். வறண்ட நிலத்தில் பிற தேசத்தார் எவ்விதம் பயிர் செய்கிறார்கள், அவர்கள் தொழிலாளிகள் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள் என்பவற்றைக் கண்டு வந்து ஊராருக்குச் சொல்லுங்கள். தொழிற்சங்கத் தொண்டர்களோ, கூலி உயர்வோடு நீண்ட ரஜாவையும் தங்கள் கோரிக்கைகளில் முதல் வரிசையில் வைக்க வேண்டும். உலகத்தைப் பார்ப்பதற்கு ஒருவன் பிழைப்பையே பணயம் வைக்க வேண்டியிருப்பது அவனுக்கு இழுக்கன்று. அவனிடம் வேலை வாங்கும் தேசத்துக்கே இழுக்கு.