குஞ்சுக் கணக்கு யார் கையில்?

தீபாவளியன்று காலையில் கறிக்கடை வரிசையில் நின்று நாம் வாங்கும் கோழி, ஆவணி மாதத்தில் முட்டையாக ஏதோ ஒரு ஹேச்சரிக்குள் போனது. செட்டர் இயந்திரத்தில் 18 நாள், ஹேச்சர் இயந்திரத்தில் 3 நாள். 21-ஆம் நாள் குஞ்சு. அன்றோ மறுநாளோ பெட்டியில் அடைபட்டு வேன் ஏறி, ஒரு தோட்டத்துக் கொட்டகையில் இறங்குகிறது. அங்கே ஆறு வாரம். இரண்டு கிலோவைத் தாண்டியதும் லாரி வந்துவிடும். ஆக, பண்டிகைச் சந்தைக்கு எத்தனை கோழி வரும் என்பது ஒன்பது வாரம் முன்பே ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது. நடுவில் புரட்டாசி வந்து பாதி ஊர் கவிச்சியை நிறுத்துமே என்பதையும், செட்டருக்குள் முட்டையை அடுக்குகிற அன்றே கணக்கில் கொண்டிருக்க வேண்டும். அடுக்கிய பிறகு யோசித்துப் பயனில்லை.

இன்னும் பின்னால் போகலாம். அந்த முட்டையை இட்ட தாய்க்கோழியை ஹேச்சரிக்காரர்கள் 'பேரண்ட்' என்பார்கள். அது முட்டையிடத் தொடங்க 24, 25 வாரம் ஆகும். 60 வாரத்துக்கு மேல்வரை இடும். நாமக்கல் முட்டை வேறு, இது வேறு. அது சாப்பிடும் முட்டை, வேறு இனக் கோழி, வேறு வியாபாரம். கறிக்கோழியில் இந்த ஆண்டு குஞ்சு மலிவா தட்டுப்பாடா என்பது, போன ஆண்டு எத்தனை பேரண்ட் குஞ்சுகளை வளர்க்கத் தொடங்கினார்கள் என்பதில் இருக்கிறது.

விவசாயத்தில் இவ்வளவு முன்கூட்டியே தெரிந்துகொள்ளக்கூடிய சரக்கு அபூர்வம். ஒரு மழையில் வெங்காயம் அழுகும், தக்காளி வெடிக்கும். செட்டருக்குள் இருக்கும் முட்டையோ கைக்கடக்கமான கணக்கு. கேள்வி ஒன்றுதான்: யாருடைய கை?

அமெரிக்காவில் அது எல்லோர் கையிலும் இருக்கிறது. அந்நாட்டு வேளாண் துறையின் புள்ளிவிவரப் பிரிவு வாரந்தோறும், வழக்கமாகப் புதன்கிழமை பிற்பகலில், ஓர் அறிக்கை வெளியிடுகிறது. ஜார்ஜியா, அலபாமா, ஆர்கன்சா உள்ளிட்ட 19 மாநிலங்களில் முந்தைய வாரம் எத்தனை முட்டை அடைவைக்கப்பட்டது, எத்தனை குஞ்சு கொட்டகைகளில் இறக்கப்பட்டது என்பது அதில் மாநிலவாரியாக இருக்கும். அண்மை ஆண்டுகளில் வாரத்துக்குச் சுமார் 24 கோடி முட்டை, 19 கோடிக் குஞ்சு. சில பக்க அட்டவணைதான். படிக்கச் சுவையான எழுத்து அல்ல. ஆனால் மக்காச்சோள வியாபாரி முதல் கோழி வளர்ப்பவர் வரை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம்.

அதில் ஒரு வரி எனக்குப் பிடித்தது: பொரிப்புத் திறன். இந்த வாரம் பொரிந்த குஞ்சுகளை மூன்று வாரம் முன்பு அடைவைத்த முட்டைகளால் வகுத்தால் வருவது. ஒரு காலத்தில் நூற்றுக்கு 84 பொரிந்த இடத்தில், பிற்பாடு 80-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. 2021-இல் டைசன் நிறுவனம், தான் தேர்ந்தெடுத்த சேவல் இனம் சரியில்லை, அதனால்தான் குஞ்சு குறைந்தது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பெரிய நிறுவனத்தின் கோழிக் கூட்டத்தில் சேவல் செய்த குளறுபடிகூட நாட்டுக் கணக்கில் தடம் விடாமல் போகாது.

இங்கே என்ன இருக்கிறது? ஐந்தாண்டுக்கு ஒருமுறை கால்நடைக் கணக்கெடுப்பு. 2019-இல் நடந்த 20-ஆவது கணக்கெடுப்பின்படி நாட்டில் கோழியினப் பறவைகள் 85 கோடி. 12 கோடிக்கு மேல் வைத்திருந்த தமிழ்நாடு முதலிடம். பெருமைதான். ஆனால் கறிக்கோழியின் ஆயுள் ஆறு வாரம். இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே ஒரே கொட்டகையில் இருபத்தைந்து, முப்பது பேட்ச் ஏறி இறங்கிவிடும். ஓடும் ஆற்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறை படம் பிடித்து, தண்ணீர் இவ்வளவு என்று சொல்வது போன்றது இது. இது தவிர, ஆண்டுதோறும் மாதிரி ஆய்வின் வழியாக இறைச்சி உற்பத்தியை மதிப்பிடுகிறார்கள். 2022-23-இல் நாட்டின் மொத்த இறைச்சியில் பாதிக்கும் சற்று மேல் கோழியிறைச்சி என்று அதிலிருந்துதான் தெரிகிறது. முடிந்துபோன ஆண்டைப் புரிந்துகொள்ள அது உதவும். அடுத்த மாதத்துக்கு உதவாது.

அன்றாடம் நமக்குக் கிடைப்பது விலை மட்டுமே. பல்லடத்தில் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணை விலை, மறுநாள் நாளிதழில் ஒரு மூலையில் வருகிறது. வரத்து எவ்வளவு என்று தெரியாமல் விலையை மட்டும் பார்ப்பது, மருத்துவர் சீட்டைப் படிக்காமல் மருந்துக் கடை பில்லை மட்டும் பார்ப்பது போல.

2020 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். கோழிக்கறியால் கொரோனா பரவும் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் ஓடி, பண்ணை விலை தரைதட்டியது. குஞ்சுகளை உயிரோடு புதைத்த செய்திகள் பல மாநிலங்களிலிருந்து வந்தன. வதந்தி கிளம்பிய அன்று கொட்டகையில் இருந்தது ஜனவரியில் அடைவைத்த முட்டை. அதை நிறுத்த வழியில்லை. பயந்துபோன நிறுவனங்கள் முட்டை வைப்பதைக் குறைத்தன. அந்தக் குறைவு ஏப்ரல், மே மாதங்களில் தட்டுப்பாடாகி விலையை ஏற்றியது. அடைவைப்புக் குறைவு வாரவாரம் வெளியே தெரிந்திருந்தால், விலை ஏறப்போகிறது என்று மார்ச் முடிவிலேயே சொல்லியிருக்கலாம். வதந்தியை எந்த அட்டவணையும் தடுக்காது என்பது உண்மை. அடுத்து வருவதைச் சொல்லும், அவ்வளவே.

விலையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கொங்குப் பகுதியில் கறிக்கோழி பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வளர்கிறது. உடுமலைப்பேட்டையில் 1980-களில் தொடங்கிய சுகுணா நிறுவனம் பரப்பிய முறை அது. குஞ்சு, தீவனம், மருந்து, மேற்பார்வை கம்பெனியுடையது. கொட்டகை, தண்ணீர், கரண்ட், ஆள் விவசாயியுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. விலை விழும்போது நட்டம் கம்பெனிக்கு, விவசாயிக்கு இல்லை என்று இந்த முறையைப் புகழ்வார்கள். பாதி சரி. விலை விழுந்தால் கம்பெனி குஞ்சு இறக்குவதைத் தள்ளிப்போடும். கொட்டகை காலியாகக் கிடக்கும்; வங்கித் தவணை கிடக்காது. ஆண்டுக்கு ஆறு பேட்ச் எடுத்தவருக்கு ஐந்தோ நாலோ ஆனால், கூலி ஒரு பைசா குறையாமலே வருமானம் குறைந்துவிடும்.

"அடுத்த பேட்ச் எப்பங்க?" என்று கேட்டால் சூப்பர்வைசரிடம் இருக்கும் பதில் "மேல இருந்து இன்னும் சொல்லலைங்க." சந்தையில் குஞ்சே குறைவா, தனக்கு மட்டும் குறைத்தார்களா என்று விவசாயியால் சரிபார்க்க முடியாது. கூலியை உயர்த்தக் கோரிப் பலமுறை போராடிய விவசாயிகள், குஞ்சுக் கணக்கை வெளியிடு என்று முதல் கோரிக்கையாக வைக்காதது எனக்கு வியப்பு.

கம்பெனிகளிடம் இந்தக் கணக்கு இல்லாமலில்லை. எந்தக் கொட்டகையில் எத்தனை குஞ்சு, நேற்று எத்தனை செத்தது, எவ்வளவு தீவனம் தின்றது எல்லாம் செல்போன் செயலியில் அன்றன்றே ஏறுகிறது. ஆனால் அது உள்ளுக்குள்ளேயே சுற்றும் கணக்கு. அப்படிச் சுற்றுவதன் ஆபத்துக்கும் அமெரிக்காவே சாட்சி. அங்கே அக்ரி ஸ்டாட்ஸ் என்ற நிறுவனம் கோழி நிறுவனங்களிடமிருந்து நுணுக்கமான தரவுகளை வாங்கித் தொகுத்து அவர்களுக்கே விற்றது; வாங்குவோருக்கும் வளர்ப்போருக்கும் தரவில்லை. உற்பத்தியைக் கூடிப்பேசிக் குறைக்க அது உதவியது என்று கோழி வாங்குவோர் 2016-இல் வழக்குப் போட்டனர். 2023-இல் அமெரிக்க நீதித் துறையும் அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அதே 2016-இல் 'ஜார்ஜியா டாக்' என்ற விலைக் குறியீடும் சந்தி சிரித்தது. கம்பெனிகள் சொன்ன விலையைச் சரிபார்க்காமல் மாநில வேளாண் துறை வெளியிட்டு வந்த குறியீடு அது. கேள்விகள் எழுந்ததும் நிறுத்திவிட்டார்கள். பல்லடத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரமில்லை. விற்பவர் சொல்லும் விலையைச் சோதிக்க வேறொரு எண் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கணக்கை வெளியிட்டால் தொழில் ரகசியம் போய்விடும் என்ற வாதம் வரும். அமெரிக்க அறிக்கையில் நிறுவனப் பெயரே கிடையாது. தனி நிறுவனத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடிய எண்ணை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. நம்மிடமும் 2008-ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் இருக்கிறது. தகவல் கேட்கும் அதிகாரத்தையும், தந்தவரின் அடையாளத்தைக் காக்கும் கடமையையும் அது அரசுக்குக் கொடுக்கிறது. வாரத்துக்கு மூன்று எண் போதும்: அடைவைத்த முட்டை, பொரிந்த குஞ்சு, கொட்டகையில் இறக்கிய குஞ்சு.

எந்த அளவில் தொகுப்பது என்பதில்தான் சிக்கல். மாவட்டவாரியாகப் போட்டால், ஒரே பெரிய கம்பெனி இருக்கும் மாவட்டத்தில் ரகசியம் ஒரே வாரத்தில் உடைந்துவிடும். தமிழ்நாட்டு எண்ணை மட்டும் போட்டால், இங்கிருந்து வாளையாறு தாண்டி கேரளத்துக்குப் போகும் லாரிகளையும், கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் இறங்கும் குஞ்சுகளையும் விட்டுவிட்ட அரைக்கணக்காகும். தென் மாநிலக் கால்நடைத் துறைகள் ஒரே படிவத்தில், ஒரே கிழமையில் வாங்கித் தொகுக்க வேண்டும்.