யானையின் வாயும் காலும்

பழந்தமிழ்ப் புலவர் பலர் அரசரைப் பாடிப் பரிசில் பெற்றனர். சிலர் அரசருக்கு அறிவு கொளுத்தினர். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குக் கூறிய அறிவுரை புறநானூற்றிலே இருக்கின்றது. சிறியதொரு நிலத்து நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் அஃது ஓர் யானைக்குப் பல நாளைக்குப் போதும். யானை தானே வயலுள் இறங்கினால் நூறு வயலும் போதா. அது தின்பது சிறிது, மிதித்து அழிப்பது பெரிது. வரி கொள்ளும் நெறியை அரசன் அறிதல் வேண்டும் என்பதற்குப் புலவர் காட்டிய உவமை இது.

இந்த உவமையை விளக்குதற்குப் பட்டினத்து மாணவனுக்கு உரையாசிரியர் வேண்டும். வன்னி மாணவனுக்கு வேண்டியதில்லை. இரவு யானை புகுந்த வயலின் வரம்பிலே காலையிற் சென்று நின்றவன் அவன். தின்ற கதிரைக் கணக்கிட்டுவிடலாம், காலிலே சிதைந்த பயிரைக் கணக்கிட முடியாது என்பதைத் தந்தையின் முகத்திலே படித்தவன்.

அரசு நடத்துவதற்குப் பொருள் வேண்டும். ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டும். வைத்தியசாலைக்கு மருந்து வேண்டும். குளத்துக்குக் கட்டு வேண்டும். அவை யானையின் கவளம். அவற்றுக்கு வரி கொடுக்க மறுப்பது குடிமை அன்று. 1902 ஆம் ஆண்டிலே வேலை தொடங்கிய இரணைமடுக் குளத்துக்கும் பொதுப்பணமே செலவாயிற்று. அச்செலவுக்குக் கிளிநொச்சி வயல்கள் ஆண்டுதோறும் கணக்குச் சொல்லுகின்றன. ஆதலின் செலவு வேறு, வீண் வேறு. வாய்க்குப் போவது எவ்வளவு, காலிலே மிதிபடுவது எவ்வளவு என்பதே வினா.

இவ்வினாவை நாடு காலத்திலே கேட்கவில்லை. 2013 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே மத்தளையில் ஒரு சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. செலவு 20 கோடி அமெரிக்க டொலருக்கு மேல். அதிற் பெரும்பகுதி சீனக் கடன். விமானங்கள் வரவில்லை. பின்னர் அதன் சரக்கறைகளிலே நெல்லைச் சேமித்தனர். 2016 இல் ஓடுபாதைப் பக்கம் வந்த வனவிலங்குகளை விரட்டுதற்குப் படையினரும் பொலிசாரும் நூற்றுக் கணக்கிலே அனுப்பப்பட்டனர். பிசிராந்தையார் உவமையாகச் சொன்னது தென்னிலங்கையிலே உவமை நீங்கி உண்மையாகவே நடந்தது.

அது தெற்கின் கதை என்று நாம் சிரித்திருத்தல் தகாது. நம் மண்ணிலும் அத்தகைய கதை உண்டு. வட மாகாணத்துக்கு ஒரு பொருளாதார மத்திய நிலையம் வவுனியாவில் அமையவேண்டும் என்று முடிவாயிற்று. மரக்கறியும் பழமும் விளைவிக்கும் கமக்காரருக்கு நல்லதொரு சந்தை கிடைக்கும் என்பது நோக்கம். நோக்கத்திலே குறையில்லை. ஆனால் 2016 ஆம் ஆண்டு முழுவதும் எழுந்த பேச்சு, அஃது ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என்பதே. அமைச்சர் ஒரு பக்கம், மாகாண சபையார் மறுபக்கம், வணிகர் சங்கங்கள் இருபக்கமும் நின்றன. உண்ணாவிரதமும் நடந்தது. ஈற்றிலே அவ்விரண்டும் அல்லாத வேறோர் இடத்திலே பல கோடி ரூபாவிற் கட்டடம் எழுந்தது. எழுந்த கட்டடம் ஆண்டுக் கணக்காகப் பூட்டிக் கிடந்தது. கமக்காரன் தன் கத்தரிக்காயை முன்போலவே தம்புள்ளைக்கு அனுப்பினான். அங்கே சொன்ன விலையைப் பெற்றான். எந்த இடம் என்று வாதாடியோர் பலர். ஏன் திறக்கவில்லை, பூட்டுக்கு யார் பொறுப்பு என்று அதே உரத்த குரலிலே கேட்டவர் சிலரே.

இதன் காரணம் நம் மனத்திலே இருக்கின்றது. அரசு கட்டுகின்ற எதனையும் நாம் கொடை என்று கருதிவிட்டோம். அடிக்கல்லிலே அமைச்சரின் பெயரைப் பொறிக்கின்றோம். நாடா வெட்டுகின்றவருக்கு மாலை சூட்டுகின்றோம். பாடசாலைப் பிள்ளைகளை வெயிலிலே வரிசையாக நிறுத்துகின்றோம். கொடுத்தவரிடம் கணக்குக் கேட்பது பண்பாடன்று. ஆதலினாலே நாம் கேட்பதில்லை. 2009 ஆம் ஆண்டிலே எல்லாவற்றையும் இழந்து, முகாமிலே வரிசையில் நின்று, கிடைத்ததைக் கைநீட்டி வாங்கிய மக்களுக்கு இந்த மனம் அமைந்தது வியப்பன்று. ஆயினும் கொடுத்தவர் யார் என்று ஆராய்தல் வேண்டும்.

வன்னியிலே வருமான வரி செலுத்துவோர் மிகச் சிலர். மற்றையோருக்கு வரிப்பணம் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் கேட்பர். பெறுமதி சேர் வரியை அவர்கள் மறந்தனர். 2019 டிசம்பரிலே 15 வீதமாயிருந்த அவ்வரி 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. திறைசேரி வறண்டது. 2022 ஏப்ரல் 12 இலே நாடு வெளிநாட்டுக் கடனைத் தீர்க்க இயலாது என்று அறிவித்தது. அதே ஆண்டிலே வரி 12 வீதமாயிற்று. பின்பு 15 ஆயிற்று. 2024 சனவரி முதல் 18 ஆயிற்று. டீசலும் அன்று அந்த வரிக்குள் வந்தது. முல்லைத்தீவிலே கூலிக்கு மீன்வலை இழுப்பவன் வாங்கும் சவர்க்காரத்திலும், முத்தையன்கட்டிலே உழவு இயந்திரத்துக்கு ஊற்றும் டீசலிலும் நூறு ரூபாவுக்குப் பதினெட்டு ரூபா அரசுக்குப் போகின்றது. செல்வனும் அதே பதினெட்டுக் கொடுக்கின்றான்; ஆனால் ஏழைக்குத்தான் அது வயிற்றிலே தெரியும். ஆதலின் மாலையிட வேண்டியவர் நாமல்லேம். நாம் முதலீட்டாளர்.

கேள்வி கேட்டால் வருகின்ற திட்டமும் திரும்பிப் போய்விடும் என்பது மற்றோர் அச்சம். இந்த அச்சம் பொய்யன்று. அதற்கு விடையாக நம்மிடையே நிகழ்ந்ததையே காட்டலாம். 2015 ஆம் ஆண்டிலே போரால் பாதிக்கப்பட்டோருக்கென 65,000 இரும்பு வீடுகளை வடக்கு கிழக்கிலே அமைக்க மத்திய அரசு முற்பட்டது. அந்நிய உருக்கு நிறுவனம் ஒன்று ஒப்பந்தக்காரர். ஒரு வீட்டின் விலை ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. அக்காலத்திலே, இந்திய உதவி வீட்டுத் திட்டத்திலே ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கொடுக்கப்பட்டது. அதனோடு தம் உழைப்பையும் சிறிது கடனையும் சேர்த்துக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக் கணக்கானோர் கல்வீடு கட்டிக் குடியிருந்தனர். நல்ல கல்வீட்டுக்குப் பத்து இலட்சம் போதும் என்று அறிந்தோர் கூறினர்.

இனி, ஐந்தாம் வகுப்புச் சிறுவனும் செய்யத்தக்க பெருக்கல் இது. 65,000 வீடுகளுக்கு 21 இலட்சம் வீதம் 13,650 கோடி. பத்து இலட்சம் வீதம் 6,500 கோடி. மிகுதி 7,150 கோடி. பணமும் வெளியே போகும். நம் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலையும் இல்லை. வெப்ப நாட்டிலே இரும்புச் சுவருக்குள்ளே வாழவும் வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் அறிஞர் அவ்வீட்டின் குறைகளை எடுத்துரைத்தனர். குடிமக்கள் அமைப்பினரும் அரசியற் பிரதிநிதிகளும் எதிர்த்தனர். அப்பெருந்திட்டம் நிறைவேறாமல் நின்றது.

அதற்கு விலை இல்லாமற் போகவில்லை. தகரக் கொட்டிலிலே இருந்த குடும்பங்கள் மேலும் சில மழைக்காலங்களைக் கழித்தன. கணக்குக் கேட்டவரிலும் காத்திருந்தவரே அந்த விலையைக் கொடுத்தனர். இதனை மறைத்துப் பேசுதல் அறமாகாது. ஆனால் அவ்விலை யாராலே வந்தது? கேள்வியாலே வந்ததன்று, முதலிலேயே மக்களைக் கேட்டு ஒழுங்கான திட்டம் வகுக்காமையாலே வந்தது. ஒப்பந்தம் எழுதிய பின் கேட்கும் கேள்வி யானை புகுந்த பின் கொளுத்தும் வெடி. வேலி முன்னரே வேண்டும்.

வேலிக்கு வேண்டிய கம்பிகள் சட்டத்திலே இருக்கின்றன. பொதுநிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என்கின்றது அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை. கணக்காய்வாளர் நாயகம் ஆண்டுதோறும் அறிக்கை தருகின்றார். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் ஒவ்வொரு குடிமகனுக்கும் கேட்கும் உரிமை தந்தது. ஏன் கேட்கின்றாய் என்று அதிகாரி வினவ இயலாது. 2023 நவம்பர் 14 இலே உயர் நீதிமன்றம், கோட்டாபய, மகிந்த, பசில் ஆகிய மூன்று ராஜபக்சக்களும் அவர்களுடைய நிதித்துறை அதிகாரிகளும் பொருளாதாரச் சீர்கேட்டினால் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என்று தீர்ப்பளித்தது. மனுதாரர் வரிசையிலே பல்கலைக்கழக ஆசிரியரும் இருந்தனர் என்பதை நம் ஆசிரியர் உலகம் நினைவிற் கொள்ளுக. அவர்களுக்குக் கிடைத்தது வழக்குச் செலவு 150,000 ரூபா. நாட்டுக்குக் கிடைத்தது, ஆட்சியாளர் காவலரே அன்றி உடையவர் அல்லர் என்னும் தீர்ப்பு.

கம்பி இருந்தும் கட்டுவார் இல்லாவிட்டால் வேலி இல்லை. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரிலே முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. கேட்பதற்கு உரிய அவை இல்லாத இடத்திலே கேட்பதற்கு உரிய மக்களாவது இருத்தல் வேண்டும். ஆசிரியரும் மாணவரும் இதிலே செய்யத்தக்கது ஒன்றுண்டு. தத்தம் ஊரிலே பூட்டிக் கிடக்கின்ற கட்டடம் ஒன்றை, இடையிலே நின்றுபோன வீதி ஒன்றைத் தெரிந்துகொண்டு, அதற்குச் செலவான தொகை எவ்வளவு, ஒப்பந்தக்காரர் யார், முடிவு நாள் எது என்று பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுக. கடிதம் எழுதுதல் மொழிப் பாடம். செலவைக் கூட்டிப் பார்த்தல் கணக்குப் பாடம். விடை பெறும்வரை விடாதிருத்தல் குடிமைப் பாடம். அமைச்சர் வரும் நாளிலே வெயிலில் நிற்கும் பிள்ளை கற்றுக்கொள்வது இவற்றுள் ஒன்றும் இல்லை.

வன்னிக் கமக்காரன் யானையை வெறுப்பவன் அல்லன். யானை காட்டிலே இருக்கவேண்டும் என்பதையும் அவன் அறிவான். தன் வயலிலே அது நிற்கும்போது விளக்கை ஏந்திக் குரல் கொடுக்கின்றான். அரசின் முன்னே நாம் கொடுக்கவேண்டியதும் அந்தக் குரலே.