மணிமேகலை என்ன ஆனாள்?

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்துக்குப் படம் பார்க்கப் போனேன். 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம். அம்மாவுக்கு 81 வயது. தியேட்டர் படி ஏறிப் பத்து வருஷமாவது இருக்கும். முதல் பாகத்தை வீட்டிலேயே டிவியில் பார்த்தவர், இதற்கு மட்டும் பிடிவாதம் பிடித்தார். "இது முடிவும்மா. முடிவைப் பெருசாத்தான் பார்க்கணும்."

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே தம்பி சிங்கப்பூரிலிருந்து போன் செய்துவிட்டான். "அக்கா, அம்மா ரொம்ப எதிர்பார்த்துட்டுப் போறாங்க. ஏமாந்துடப் போறாங்க, பார்த்துக்கோ."

அவன் அனுபவஸ்தன். போன செப்டம்பரில்தான் அவன் அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தான். அவன் காத்திருந்தது சினிமாவுக்காக அல்ல, ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக.

'மங்கி ஐலண்ட்' என்று ஒரு சாகச விளையாட்டு. கடற்கொள்ளையனாக ஆசைப்படும் ஓர் அப்பாவிப் பையனின் கதை. ரான் கில்பர்ட் என்ற அமெரிக்கரும் அவர் குழுவும் 1990-ல் முதல் பாகத்தையும் 1991-ல் இரண்டாவதையும் கொண்டுவந்தார்கள். இரண்டாம் பாகத்தின் முடிவு விசித்திரமானது. நாயகனும் வில்லனும் திடீரென்று சின்னப் பையன்களாகி, ஏதோ ஒரு கேளிக்கைப் பூங்காவில் நிற்பார்கள். அப்படியானால் இவ்வளவு நேரம் பார்த்ததெல்லாம் சிறுவர்களின் கற்பனையா, மந்திரமா? பதில் சொல்லாமலே கில்பர்ட் அந்த நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார். அதன் பிறகு வந்த பாகங்களை வேறு ஆட்கள் செய்தார்கள். பொறியியல் படித்த நாளில் அதை விளையாடிய என் தம்பி, தலை நரைக்கும் வரை அந்த ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு திரிந்தான்.

2022 ஏப்ரல் முதல் தேதி, 'மறுபடி நானே எடுக்கிறேன்' என்று கில்பர்ட் அறிவித்தார். முட்டாள்கள் தினம் என்பதால் யாரும் நம்பவில்லை. ஆனால் உண்மைதான். முன்னோட்டம் வெளியானதும் அதே ரசிகர்களில் ஒரு பகுதியினர், ஓவியம் பழைய மாதிரி இல்லை என்று அவரைத் திட்டித் தீர்த்தார்கள். மனிதர் வெறுத்துப்போய், இனி இந்த விளையாட்டைப் பற்றிப் பேசப்போவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். 30 வருஷம் ஒருவருக்காகக் காத்திருந்துவிட்டு, அவர் வந்ததும் வாசலிலேயே வைத்து வைவது என்ன நியாயமோ!

செப்டம்பர் 19-ல் விளையாட்டு வந்தது. சரியாக 11 நாள் கழித்து, 30-ம் தேதி 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வந்தது. எங்கள் வீட்டில் ஒரே மாதத்தில் இரண்டு பேருக்கு ஜுரம்!

தம்பியின் விளையாட்டு எப்படி முடிகிறது என்று சொல்லி, விளையாடப் போகிறவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அதற்கு ஒரே முடிவு கிடையாது. கடைசியில் நாம் என்ன செய்கிறோமோ அதற்கேற்ப முடிவும் மாறும். "முதல்ல ஏமாத்திட்டாருன்னுதான் தோணிச்சுக்கா. ஒரு வாரம் கழிச்சுத்தான், எனக்குப் பிடிச்ச முடிவை என்கிட்டயே விட்டுட்டாருன்னு புரிஞ்சது" என்றான்.

அம்மாவின் காத்திருப்பு வேறு ரகம். 'கல்கி' இதழில் 1950 அக்டோபரில் தொடங்கிய அந்தத் தொடர்கதை 1954 மே மாதத்தில் முடிந்தது. மூன்றரை வருஷம். கதையின் முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அருள்மொழி ராஜராஜன் ஆவான் என்பது சரித்திரப் பாடத்தில் இருக்கிறது. குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியதேவர் என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் திண்டிவனம் பக்கத்துத் தாதாபுரத்துக்கு அந்தக் காலத்தில் ராஜராஜபுரம் என்று பெயர். குந்தவை அங்கே சிவனுக்கும் பெருமாளுக்கும் கோயில் கட்டி, சமணர்களுக்கும் ஒரு பள்ளி எழுப்பியிருக்கிறார்.

அப்படியும் வாரா வாரம் ஜனங்கள் தவித்தார்கள். கதை முடிந்தபோது போதவில்லை என்றார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி, அதற்குப் பிறகு யார் யார் என்ன ஆனார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மட்டும் கடைசி வரை அவர் உடைக்கவில்லை. அந்த டிசம்பர் 5-ல் அவரே காலமாகிவிட்டார். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் கதையை மேலே கொண்டுபோனார். சினிமாவாக்க எம்.ஜி.ஆர். ஆசைப்பட்டார், நடக்கவில்லை. இப்போது மணிரத்னம்.

தியேட்டரில் அம்மா கண் கொட்டாமல் பார்த்தார். இடைவேளையில் பாப்கார்னைக்கூடத் தொடவில்லை. "மணிமேகலை இன்னும் வரலையே?" என்றார்.

படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மணிமேகலை கடம்பூர் சம்புவரையர் மகள், கந்தமாறனின் தங்கை. வந்தியதேவனை மனசுக்குள்ளேயே நேசிக்கிறவள். அவனைக் காப்பாற்றக் கொலைப்பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறவள். கடைசி அத்தியாயத்தில் அவன் கண்ணெதிரில் செத்துப்போகிறவள். படத்தில் அவளே இல்லை. பூங்குழலிக்கும் சேந்தன் அமுதனுக்கும் நடக்கும் கல்யாணமும் இல்லை. வெளியே வரும்போது பின்னால் இருந்த ஒரு பெரியவர், "கதையைக் கெடுத்துட்டாங்க" என்று பொருமிக்கொண்டே வந்தார்.

அம்மாவும் அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பித்தார்.

அந்தக் காலத்தில் ஊரில் ஒரு வாத்தியார் வீட்டுக்குத்தான் 'கல்கி' வருமாம். அவர்கள் படித்து முடித்ததும் எங்கள் தாத்தா வீட்டுக்கு வரும். அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு பெரியம்மா சத்தமாகப் படிப்பார், அம்மா மடியில் படுத்துக் கேட்பார். 1953-ல் பெரியம்மாவுக்குக் கல்யாணமாகி வந்தவாசிப் பக்கம் போய்விட்டார். அந்த வீட்டில் பெண்கள் புத்தகம் எடுத்தால் சாமி குத்தம் மாதிரி. அடுத்த வருஷம் பெரியம்மாவுக்குக் குழந்தை பிறந்து இறந்துபோனது. பாட்டியோடு பார்க்கப் போன அம்மாவுக்கு அப்போது 12 வயது. பாயில் சுருண்டு கிடந்த பெரியம்மா, யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "கதை முடிஞ்சுட்டுதாமே? மணிமேகலை என்ன ஆனா?"

"எனக்கு வாய் வரலம்மா. நல்லா இருக்கான்னு சொல்லிட்டேன்."

எனக்குச் சட்டென்று பழைய ஞாபகம் ஒன்று வந்தது. பள்ளிக்கூட நாளில் நூலகத்திலிருந்து ஐந்து பாகங்களையும் நான் எடுத்து வந்தபோது, விருந்துக்கு வந்திருந்த பெரியம்மா நாலு பாகத்தை ஒரே மூச்சில் படித்தார். ஐந்தாவதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது எனக்குத் தெரியும்டி. உங்கம்மா சொல்லியிருக்கா" என்றார். படிக்காமலே சொன்னாரா, ஏற்கெனவே எங்காவது படித்துவிட்டுத்தான் சொன்னாரா, இப்போது கேட்க ஆள் இல்லை. பெரியம்மா போய் 9 வருஷம் ஆகிறது.

ரசிகர்கள் அதிகம் எதிர்பார்க்கிறார்கள் என்று நாம் கேலி செய்கிறோம். திட்டுகிறவர்களைக் கேலி செய்யலாம், தப்பில்லை. ஆனால் அந்த எதிர்பார்ப்பின் அடியில் இருப்பது பேராசை இல்லை என்று இப்போது தோன்றுகிறது. ராஜராஜனுக்கும் குந்தவைக்கும் கல்வெட்டு இருக்கிறது. அவர்கள் என்ன ஆனார்கள் என்று நாம் கவலைப்பட வேண்டியதில்லை. மணிமேகலைக்கு எந்தக் கல்லிலும் பெயர் இல்லை. வாசகர் கவலைப்பட்டால்தான் அவள் உண்டு. தம்பியின் கப்பல்காரப் பையனும் அப்படித்தான்.

பஸ் கூட்டேரிப்பட்டை நெருங்கியது. மயிலம் போகிறவர்கள் இறங்கத் தயாரானார்கள். நான் தயங்கித்தான் கேட்டேன்: "மணிமேகலையை எடுத்துட்டாங்களேன்னு உனக்கு வருத்தம் இல்லையா?"

அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "எதுக்கு? படத்துக்கே வராதவ எப்படிச் சாவா? எங்கக்காகிட்ட நான் சொன்னது பொய்யாகலையே."